மத்தியானத்தில் ஒரு சுற்று

பகல் பன்னிரண்டரை மணி. பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். இது உச்சி வெயிலில் நடந்தது... நிழல் காலுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிற நேரத்தில்.

நம் சுரங்க டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டிப் பண்ருட்டிப் பக்கம் போனால், ஒரு தார்ச்சாலை பிரிந்து முந்திரிக்காட்டுக்குள் இறங்கும். பஸ் கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சாலை முடிகிற இடத்தில் ஒரு கேட். கேட்டுக்கு உள்ளே கார்ப் பந்தயத் தடம். மூன்று கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிற சுதாகர் என்பவர் போட்டது. சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் வசதியான பிள்ளைகள் வந்து ஆசை தீர ஓட்டிவிட்டுப் போவார்கள்.

கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் நாம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். இருக்கட்டும். செல்போன் வெளிச்சம் யாரும் அடிக்க வேண்டாம்.

என் நண்பன் சிங்காரவேலுவின் அக்காள் புருஷன் சங்கரலிங்கம். நிலக்கரிச் சுரங்கத்தில் டம்பர் என்கிற ராட்சத மண் லாரி ஓட்டுகிறவர், பர்மனென்ட். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் எட்டு மாதம். அவர் தெருவில் நடந்து வந்தால் பிளாக் பிள்ளைகள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வழி விடுவார்கள். அவ்வளவு விறைப்பு. அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு கறை. தொண்ணூற்று நாலில் அவருடைய தம்பி குஞ்சிதபாதம், இருபது வயசுப் பையன், யாருக்கும் சொல்லாமல் அண்ணனுடைய டம்பரைக் கிளப்பிக்கொண்டு போய், மண் கொட்டுகிற மேட்டிலிருந்து வண்டியோடு சரிந்து செத்துப்போனான். செத்த பிறகும் அவனுக்கு வண்டித் திருடன் என்றே பேர். பெற்ற தாய்கூடக் கடைசிவரை அவன் படத்தைச் சுவரில் மாட்டவில்லை.

அதனால்தான், போன சித்திரையில் மகன் அருள் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது, சங்கரலிங்கம் முதலில் எழுந்து தெருக்கதவைச் சாத்தினார்.

அருள் அந்தப் பந்தயத் தடத்தில் டிரைவர். வருகிற ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லித் தருவான். அங்கே ஒரு சிவப்புக் கார். மூன்று நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கிற ஜாதி. அதன் சாவி அருள் பொறுப்பு. நாலு நாளாக, எல்லோரும் சாப்பிடப் போகிற மத்தியான நேரத்தில், அந்தக் கார் தடத்தை ஒரு சுற்றுச் சுற்றியதாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. டயர் சூடாக இருக்கிறது. பெட்ரோல் குறைகிறது. நாளைக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்றார் சங்கரலிங்கம்.

"என்கிட்டதாம்ப்பா."

"அப்ப வண்டிய எடுத்தது யாரு?"

"தெரியலப்பா. நான் சாப்ட்டுக்கினு இருந்தேன்."

அந்த வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. மகனுடைய கண்ணைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எதையோ மறைக்கிறான்.

"இன்னும் என்ன? சொல்லு."

"சொன்னா திட்டுவீங்க. சாப்ட்டு வந்து பாத்தா, டிரைவர் சீட்டு முன்னால நவுந்து, மேல ஏறி இருக்குப்பா. மோட்டார்ல நவுர்ற சீட்டு அது. நான் உக்காந்தா முட்டி ஸ்டீரிங்ல இடிக்குது. யாரோ ரொம்பக் குள்ளமான ஆளு உக்காந்த மாதிரி..."

"கத கட்டாத."

அன்று இரவு சங்கரலிங்கம் தூங்கவில்லை. மகன் பொய் சொல்கிறான் என்று நம்பவே அவருக்கு ஆசையாக இருந்தது. பொய் என்றால் நாலு அறை வைத்துத் திருத்திவிடலாம். இது உண்மையாக இருந்தால்... குஞ்சிதபாதம் நாலே முக்கால் அடிதான் இருப்பான்.

மறுநாள் அவருக்கு நைட் ஷிஃப்ட், பகல் காலி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கிளம்பினார். மச்சான் சிங்காரவேலு பைக்கை எடுத்தான்.

"பேய் புடிக்கறதுக்கு இஸ்திரி சட்டையா மாமா? அது சல்யூட் அடிச்சிடப் போவுது."

"வாய மூடிக்கினு ஓட்டு."

தடத்தின் மேனேஜர் கிருஷ்ணப்ரியா. சென்னைப் பெண், முப்பது வயசு இருக்கும். உட்காருங்கள் என்று சொன்னதற்கு இவர் உட்காரவில்லை.

"என் பையன் சாப்பாட்டு நேரம் முடியிற வரைக்கும் உங்க கண்ணு முன்னால உக்காந்திருக்கட்டும்மா. சாவிய என்கிட்ட குடுங்க. நான் அந்த கார்லயே குந்திக்கிறேன். இன்னிக்கி வண்டி நவுரலன்னா அவன்தான் திருடன். நானே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுக்கறேன்."

அந்தப் பெண் அருளிடமிருந்து சாவியை வாங்கி அவரிடம் நீட்டினாள். "சரி சார். ஆனா உங்க மச்சானும் இங்கதான் இருக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி, சிங்காரவேலுவையும் ஆபீஸிலேயே உட்கார வைத்துவிட்டாள். அவளுக்குக் குடும்பம் மொத்தத்தின் மேலும் சந்தேகம். அதிலும் தப்பில்லை.

பன்னிரண்டே கால். தகரக் கொட்டகைக்குக் கீழே கார் நின்றது. சங்கரலிங்கம் இரண்டு கல்லைத் தேடி எடுத்து வந்து முன்சக்கரங்களுக்கு அணை கொடுத்தார். ஆள் உயர டயர் வைத்த டம்பரில் ஏணி பிடித்து ஏறிப் பழகியவர் அவர். இந்தக் கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. குழிக்குள் இறங்குகிற மாதிரி இடது பக்கத்துச் சீட்டில் இறங்கினார். பழக்கதோஷத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தே வைத்து ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டார். சாவி கைக்குள்.

காற்று இல்லை. முந்திரிப் பழம் அழுகுகிற புளித்த நாற்றம். தகரம் வெயிலில் டிக்... டிக்... என்று விரிந்துகொண்டிருந்தது. வண்டு ஒன்று கண்ணாடியில் மோதிவிட்டுப் போயிற்று.

பன்னிரண்டரை.

தகரத்தின் சத்தம் நின்றது. முந்திரிப் பழ நாற்றமும் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு வாசனை... தண்ணீரில் ஊறின கரியின் வாசனை. சுரங்கத்தின் அடியில், ஊற்று கசிகிற இடத்தில் மட்டும் வரும். மேலே, வெயிலில், வராது.

பக்கத்துச் சீட்டுக்கு அடியில் மோட்டார் முனகியது. ங்ஙீ... சீட்டு மெதுவாக முன்னால் நகர்ந்தது. நின்றது. பிறகு மேலே ஏறியது.

சங்கரலிங்கம் வெளியே இருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஏன் இழுத்தார், ஏன் இறங்கி ஓடவில்லை என்று பிறகு சிங்காரவேலு கேட்டான். தெரியவில்லை என்றார். கதவு மூடிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது. விலா எலும்புவரை அதிர்ந்தது.

ஹாரன் அடித்தது. ஒன்று... இரண்டு.

பந்தயத் தடத்தில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வண்டி முன்னால் நகருமுன் இரண்டு ஹாரன் என்பது சுரங்கத்து விதி.

கார் பாய்ந்தது. தலை சீட்டில் போய் மோதியது. முந்திரி மரங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். நூற்று இருபது... நூற்று எண்பது... எதிரே திருப்பம் ஓடி வருகிறது, பிரேக் விழவில்லை... விழவில்லை... கடைசி நொடியில் விழுந்தது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. ஸ்டீரிங் தானாக வலப்பக்கம் சுழல, டயர் கிறீச்சிட, வண்டி அவரைக் கதவோடு வைத்து நசுக்கியது. ரப்பர் கருகுகிற நாற்றம். அடுத்த திருப்பம். வண்டி தேவைக்கு மேல் அகலமாக வெளியே போய், பிறகு உள்ளே வந்தது. டம்பரைத் திருப்புகிற மாதிரி. புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் திருப்புகிற மாதிரி. நேர்ச்சாலையில் இருநூற்று முப்பது. அந்த வேகத்தில் அவர் தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தார். காலிச் சீட்டு. அதன் தோல் மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

வாயைத் திறக்கவே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் அவர் நினைத்தார்.

கார் கொட்டகைக்குள் வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. அவர் இறங்கிப் பார்த்தார். முன்சக்கரங்களுக்கு அவர் அணை கொடுத்த இரண்டு கல்லும் அணை கொடுத்தபடியே இருந்தன.

சத்தம் கேட்டு மூன்று பேரும் ஓடி வந்தார்கள். கிருஷ்ணப்ரியா கார் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். அவ்வளவு சூடு.

"சார், அருள் என் முன்னாடிதான் இருந்தாரு. ஒத்துக்கறேன். ஆனா சாவி உங்க கையில, உள்ள இருந்தது நீங்க. இப்ப நான் என்னன்னு எழுதறது?"

"நான் ஓட்டலம்மா."

"பின்ன?"

அருள்தான் சொன்னான். காருக்குள்ளே ஒரு கேமரா உண்டு. வண்டி ஓட ஆரம்பித்தால் தானாகப் பதிவாகும். ஓட்ட வருகிறவர்களுக்கு ஞாபகார்த்தமாகக் கொடுப்பதற்கு. மத்தியானச் சுற்று எதிலும் அதில் படம் விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்திருந்தது.

ஆபீஸ் டிவியில் போட்டார்கள். இடது சீட்டில் சங்கரலிங்கம், பெல்ட்டோடு. வலது சீட்டில் யாரும் இல்லை. ஸ்டீரிங் தன்பாட்டுக்குச் சுழல்கிறது. கிருஷ்ணப்ரியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சங்கரலிங்கம் பார்த்தது ஸ்டீரிங்கை அல்ல. தன் வாயை. படத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார். காலிச் சீட்டைப் பார்த்து, சிரித்த முகமாக, வாய் ஓயாமல்.

"பயப்படாதடா குஞ்சு. ரெண்டு ஹாரன் அடி... எடு. நான் பக்கத்துலதான இருக்கேன்."

எஞ்சின் சத்தம். பிறகு,

"மண்ணு கொட்டற மோடு வருது பாரு, லேசா திருப்பு. எவன் கேட்டா என்ன? நான்தான் ஓட்டச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். நீ ஓட்டு."

டிவி அணைந்தது. அருள் அப்பாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத அழிச்சிடுங்கம்மா" என்றார் சங்கரலிங்கம்.

"அழிச்சிட்டா என்கிட்ட மிச்சம் சாவி கணக்கு மட்டும்தான் சார். அது அருள் பேர்ல இருக்கு. இன்னிக்கி சரி, அந்த நாலு நாளுக்கு ஓனர் ஸ்டேஷனுக்குதான் போவாரு. இந்தப் படத்த பாத்தா போக மாட்டாரு."

அவர் நின்றார். சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் நின்றார். படம் போனால் மகன் திருடன். படம் இருந்தால்... முப்பது வருஷமாகக் கட்டிக் காத்தது போச்சு. பிறகு கைக்குள் இருந்த கார்ச் சாவியை மேஜை மேல் வைத்தார் என்றான் சிங்காரவேலு.

"ஓனருக்கு அனுப்புங்க" என்றார்.

வெளியே வந்து முந்திரி மர நிழலில், மகனுக்கும் மச்சானுக்கும் மட்டும் சொன்னார். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்ததற்கு வீட்டுக்கு ஒரு வேலை. அது அண்ணனுக்குக் கிடைத்தது. தம்பி அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக, ஊற்றுத் தண்ணீர் இறைக்கிற பம்ப் குழியில் சேறு அள்ளிக்கொண்டிருந்தான். ஓட்டப் பழகினால் பிழைத்துக்கொள்வான் என்று அண்ணன்தான் அன்றைக்கு அவனை டம்பரில் உட்கார வைத்தார். மேட்டு விளிம்பு இறங்குவது தெரிந்ததும் அண்ணன் குதித்துவிட்டார். தம்பிக்குக் குதிக்கத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே விசாரணையில் கையெழுத்துப் போட்டார்: நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தம்பி எனக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டான். உண்மையைச் சொன்னால் வேலை போகும். அந்த ஒரு சம்பளத்தில் ஏழு வயிறு. அவருக்காக நான் நியாயம் பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"அப்ப சித்தப்பா திருடலையாப்பா?" என்று அருள் கேட்டான். திருடவில்லை என்று அவர் தலையை மட்டும் அசைத்தார்.

சாயங்காலம் ஆறு மணி. ஓனர் சுதாகரிடமிருந்து போன். அருள் ஸ்பீக்கரில் போட்டான்.

"பெரியவரே, படம் பாத்தேன். உங்க பையன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. நாளைக்கு வேலைக்கு வரட்டும். காரைத்தான் வித்துடப் போறேன்."

"நல்லதுங்க."

சுதாகர் போனை வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்... உங்ககூட பேசிக்கினே வர்றானே, அந்தப் பையன் யாருங்க?"

அருளும் சிங்காரவேலுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபீஸில் அவர்கள் கேட்டது ஒரே ஒரு குரல்தான்.

"என்ன... பேசறான்?" என்றார் சங்கரலிங்கம்.

"திருப்பத்துக்குத் திருப்பம் ஒரே கேள்விதாங்க. 'கையெழுத்து போடும்போது உன் கை நடுங்குச்சாண்ணா'ன்னு கேக்கறான். நீங்க என்னென்னமோ சொல்லிக்கினு வர்றீங்க... அதுக்கு மட்டும் பதிலே சொல்லல."