முழங்கை உயரம்

— பேச்சை மாத்தாதீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஒரு ஆளு வேலை பண்ற கொட்டகையில, இரும்பைக் கடிச்சுப் பிடிக்க எதுக்கு ரெண்டு வைஸ்?

— அதாவது, ஒண்ணு வலது கைக்கு, ஒண்ணு இடது கைக்கு.

— இடது கையில உங்களுக்கு இருக்கிறதே ரெண்டு விரல்.

— அதனாலதான் அந்தப் பக்கத்துக்குச் சின்னதாப் பார்த்துப் போட்டேன்.

— எனக்குச் சிரிப்பு வரல. அரை மணி நேரமா இந்த வாசல்ல நின்னு பாக்குறேன். சுத்தியலெல்லாம் ஒரு சுவர், அரமெல்லாம் ஒரு சுவர். ஸ்பேனரெல்லாம் சைஸ் வாரியாத் தொங்குது. ஆணி பாட்டிலுக்குள்ள இருக்கு, பாட்டிலு பலகைக்கு அடியில தலைகீழாத் தொங்குது. டவுன்ல முப்பது வருஷம் பட்டறை நடத்தினப்ப ஒரு நாளாவது இப்படி அடுக்கியிருப்பீங்களா?

— அப்ப தேடிக் குடுக்க ஆள் இருந்துச்சு. இப்ப நானே தொலைச்சு நானே தேடணும். ஓய்வுன்னு வந்தவனுக்கு எல்லாத்துக்கும் நேரம் இருக்கும்மா, தேடுறதுக்கு மட்டும் இல்ல.

— பெரிய வைஸ் உங்க உயரத்துக்குச் சரியா இருக்கு. சின்னது ஏன் இவ்வளவு கீழ?

— அதை ஏன் கேக்குற. முந்தாநாள் போல்ட் போடுறப்ப ரெண்டும் ஒரே உயரம். காலைல கதவைத் திறந்து பாக்குறேன், இது நாலு அங்குலம் இறங்கி நிக்குது. பழைய இரும்பு, புது ஊரு. தவளைச் சத்தத்துக்குப் பயந்து குந்திடுச்சு போல.

— இதைத் தபால்காரர்கிட்டச் சொல்லுங்க. உங்க ஆமைக் கதையை நம்பினவரு அவருதான்.

— அது கதையா? ஆமைகிட்டக் கை குடுத்தேன். அது விட மறந்துடுச்சு. நாலு மாசம் நின்னு பார்த்தேன். எனக்கும் வேலை இருக்கு, அதுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். மூணு விரலை அதுகிட்டயே வெச்சுக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்.

— பால்காரம்மாகிட்ட, சீட்டாட்டத்துல வெச்சுத் தோத்தேன்னு சொல்லியிருக்கீங்க. வயரிங் பண்ண வந்தவர்கிட்ட, இடி வந்து விரலைப் பிடிச்சுதுன்னு. இங்க குடிவந்து மூணு மாசம் ஆகல, மூணு விரலுக்கு எட்டுக் கதை.

— கேக்குற ஆளுக்குத் தகுந்த மாதிரி குடுக்க வேண்டாமா?

— நான் பால்காரம்மா இல்ல. உங்களைக் கட்டிக்கிட்டு வந்து பதினஞ்சு வருஷம் உங்க பக்கத்துல நின்னு அரம் பிடிச்சவ. வைஸ் எப்படி வைக்கிறதுன்னு எனக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. முஷ்டியை மடக்கித் தாடைக்குக் கீழ முட்டுக் குடுத்து நிக்கணும். முழங்கை போய் வைஸோட தலையைத் தொடணும். அதுதான் அந்த ஆளோட உயரம். தெச்ச சட்டை மாதிரி, ஒருத்தருக்குப் போட்டது இன்னொருத்தருக்குச் சேராது.

— ஒரு எழுத்து மறக்கல நீ.

— அப்ப இது யாரோட முழங்கை?

— அந்த எண்ணெய் டப்பாவை இப்படி நகர்த்து.

— யாரோட முழங்கைங்க?

— கையெல்லாம் கிரீஸு. அப்புறம் பேசலாம்.

— என் தம்பிதான?

— உங்க வம்சத்துல யாரா வேணா இருக்கலாம். எல்லாரும் ஒரே அச்சு, ஒரே உயரம். உங்க பெரியப்பா குடை பிடிச்சு நடந்தா, குடை தானாப் போகுதுன்னு தெருநாய் குலைக்கும்.

— என் தம்பிதான். அவனை வரச் சொல்லியிருக்கீங்க. அதான் நேத்துப் பின் ரூம் கட்டிலைத் தட்டித் துடைச்சீங்க. மத்தியான பஸ் எத்தனை மணிக்குன்னு கடையில கேட்டீங்களாம்.

— பஸ்ஸுக்கு நேரம் கேக்குறது ஒரு குத்தமா?

— அவன் இந்தப் படி ஏறக் கூடாது.

— பதினோரு வருஷம் ஆச்சும்மா.

— நூறு வருஷம் ஆகட்டும். மெஷினுக்குள்ள உங்க கை இருக்கிறப்ப சுவிட்சைப் போட்டவன். அவனுக்கு இங்க என்ன வேலை?

— விரல் போனது எனக்கு. கோவம் மட்டும் உன் பேருல வந்து சேர்ந்திருக்கு. மூணு விரலுக்கே இவ்வளவுன்னா, முழுக் கை போயிருந்தா ஊரு தாங்கியிருக்காது.

— வெளையாடாதீங்க. அந்த வைஸைக் கழட்டுங்க. இப்பவே.

— அது நாலு போல்ட். எனக்கு இருக்கிறது ஒன்றரைக் கை. பொழுது சாஞ்சிடும்.

— நகருங்க. நான் கழட்டுறேன்.

— கழட்டு. ஸ்பேனர் ரெண்டாவது வரிசையில... ஓ, எடுத்துட்டியா. கண்ணு போறதுக்கு முன்னாடி கை போயிடுச்சே. பதினோரு வருஷத்துல நீ இரும்பைத் தொட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்.

— பேசாம இருங்க.

— அப்படித் திருப்பினா இறுகும்.

— எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுதான் இறுக்குறியா?

— பஸ் எத்தனை மணிக்குங்க?

— பன்னெண்டரைக்கு. வெச்சிடு அதை. அவன் மேல அவ்வளவு வெறுப்பா உனக்கு? அவன் கல்யாணத்துக்கு நீ போகல. குழந்தை பொறந்தப்ப கடுதாசி போட்டான், பிரிக்காமத் திருப்பி அனுப்பின. உங்க அம்மா போனப்ப அவன் ஒரு மூலையில நின்னு அழுதான், நீ இன்னொரு மூலையில.

— அவன் வந்தா நான் போறேன். அவன் இறங்குற பஸ்ல நான் ஏறிடுறேன். சத்தியமாச் சொல்றேன்.

— போ. எதுக்குப் போறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. நான் எட்டுக் கதை சொல்றவன். நீ பதினோரு வருஷமா ஒரே கதையை வெச்சிருக்க. எனக்கென்னமோ உன் கதைதான் நம்புற மாதிரி இல்ல.

— என்ன சொல்றீங்க?

— கோவப்பட்டவ திட்டுவா. விளக்குமாத்தைத் தூக்குவா. ஒரு நாளாவது அவனை நேர்ல நிக்க வெச்சு, ஏன்டா இப்படிப் பண்ணினன்னு கேட்டியா? அவன் தலை தெரிஞ்சாலே நீ ஓடுற. கோவம் இருக்கிறவ துரத்துவாம்மா, ஓட மாட்டா.

— அவன் வாயைத் திறந்துடுவான்.

— திறந்து?

— இந்தக் கொட்டகையில, உங்க பக்கத்துல, விடிஞ்சா பொழுது போனா அந்தக் கையைப் பார்த்துக்கிட்டு எத்தனை நாளைக்கு அடக்கிவெப்பான்? ஒரு நாள் இல்ல ஒரு நாள் சொல்லிடுவான்.

— என்னன்னு?

— சுவிட்சைப் போட்டது அவன் இல்லைன்னு.

— ம்.

— நான்னு.

— ம்.

— மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போயிருந்துச்சு. விசிறி நின்னுபோச்சு. வேர்க்குதேன்னு போய்ப் போட்டேன். விசிறிக்காகத்தாங்க போட்டேன். நீங்க கையை உள்ள விட்டிருப்பீங்கன்னு... நான் திரும்பிக்கூடப் பார்க்கல. நீங்க கத்தினீங்க. உங்கம்மா ஓடிவந்து, எவன்டா போட்டதுன்னாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவன், நான்தான்னுட்டான். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் சொல்லிடலாம்னு. கட்டுப் பிரிக்கட்டும்னு. அப்படியே பதினோரு வருஷம் போயிடுச்சு. ஏதாவது சொல்லுங்களேன். அந்த ஆமைக் கதையையாவது சொல்லுங்க.

— எனக்குத் தெரியும்.

— எது?

— தகடு மாட்டிக்கிச்சு, மெஷின் முக்கிச்சு, மெயின் விழுந்துச்சு. நான் இந்தப் பக்கம் கையை விட்டு எடுக்குறேன். உன் தம்பி எதிர்ல நின்னு மறுமுனையைப் பிடிச்சு இழுக்குறான், ரெண்டு கையாலயும். சுவிட்சுப் பலகை என் முதுகுக்குப் பின்னாடி பத்தடி தள்ளி. மூணாவது கை முளைச்சா போட்டான்? பட்டறையில மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான். நானே அந்த அளவுக்குக் கதை விட மாட்டேன்.

— அன்னிக்கே தெரியுமா?

— அன்னிக்கே.

— தெரிஞ்சும் என்னை ஒரு வார்த்தை கேக்கலயே.

— நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கொஞ்ச நாள்ல சொல்லிடுவியான்னு பார்த்தேன், உன் நாள் ரொம்ப நீளமாப் போச்சு. அதுக்குள்ள எவனாவது நெசத்தைத் தோண்டிடக் கூடாதேன்னு ஊர் ஊரா ஆமையை மேய்ச்சுக்கிட்டிருந்தேன்.

— ஐயோ. அவன் இத்தனை வருஷமா அதைச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சானே. கடுதாசியைத் திருப்பி அனுப்பினேனே. இன்னும் ஒரு மணி நேரத்துல வந்து நிப்பான். எந்த மூஞ்சியோட அவனை வான்னு சொல்லுவேன்?

— யாரு வந்து நிப்பா?

— என் தம்பி.

— அவன் வர்றான்னு நான் எப்பச் சொன்னேன்?

— பஸ்ஸு... கட்டில்...

— கடுதாசி போட்டேன், வாடான்னு. நீங்க கூப்பிட்டா வர மாட்டேன் மாமா, அக்கா கூப்பிட்டா அடுத்த பஸ்ல ஏறுறேன்னு ஒரே வரி எழுதினான். அடுத்த பஸ் எப்பன்னு தெரிஞ்சுவெச்சுக்கிட்டேன், கட்டிலைத் துடைச்சுவெச்சேன். என் வேலை அதோட முடிஞ்சுது. கூப்பிடுறதும் கூப்பிடாததும் உன் பாடு.

— அப்ப இந்த வைஸ்?

— கழட்டித்தான் ஆகணும்னா கழட்டு. இல்லேன்னா ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, முஷ்டியைத் தாடைக்குக் கீழ குடுத்து, இப்படி வந்து நேரா நில்லு. நீ தூங்குறப்ப டேப்பு பிடிச்சு எடுத்த அளவு, கால் அங்குலம் முன்னபின்ன இருந்தாலும் இருக்கும்.