ஐந்தாம் எண் மிதவை

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரி அலுவலகத்தில் பதினெட்டு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு மூன்றரைக் கால்தான். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் ஐயா. எனக்கு அவசரமில்லை. என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தி நான்கு நாள் ஆகிறது, அதனால் வீட்டிலும் இதே அமைதிதான்.

ஐந்தாம் எண் மிதவை ஏன் அதன் இடத்தில் இல்லை, ஐந்து பேர் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டீர்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் படகை ஓட்டியவர், என் தங்கையின் புருஷன். மிதவையை நகர்த்தியது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் காரணத்தைக் கேட்காமல் எழுதினால் என்னை ஏதோ கிறுக்குப் பிடித்தவன் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்கள், அதுதான் சங்கடம்.

ஏரியில் தண்ணீருக்கடியில் ஒன்பது பாறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிவப்பு மிதவை, சங்கிலியில் கட்டிய சிமெண்ட் கட்டியோடு மிதக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். பாசி சுரண்டுவேன், எண் மங்கினால் பெயின்ட் அடிப்பேன், வாரம் ஒரு படிவம் நிரப்புவேன். படிவத்தில் ஒரே கேள்விதான்: மிதவைகள் எத்தனை உள்ளன? எங்கே உள்ளன என்று கேட்க, அதை அச்சடித்த மகானுபாவருக்குத் தோன்றவில்லை. பதினெட்டு வருடமும் ஒன்பது என்று எழுதினேன். ஒரு வாரம்கூடப் பொய் எழுதியதில்லை.

உத்தியோகம் அது. உயிர், தூண்டில். திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. முன்பெல்லாம் ஏரியில் துடுப்புப் படகுகள்தான் இருந்தன, எங்கே உட்கார்ந்தாலும் மீன் கடிக்கும். பிறகு பெரிய படகுகள் வந்தன. இரண்டு மாடி. மேல்மாடியில் ஒரு பாட்டு, கீழ்மாடியில் வேறொரு பாட்டு, இரண்டுக்கும் நடுவில் மைக்கில் ஒருவர் நகைச்சுவை சொல்வார். ஒரு படகு கிளப்பிய அலை அடங்க இருபது நிமிடம் ஆகும், அடுத்த படகு பதினைந்தாவது நிமிடம் வந்துவிடும். மீனுக்குக் காது கிடையாது என்றார் எங்கள் மேலாளர். அவருக்குக் காது இருப்பதற்கான அடையாளத்தையும் நான் பார்த்ததில்லை.

அமைதியான இடம் தேடி நான் அலைந்த அலைச்சலை எழுதினால் உங்கள் பேனா தீர்ந்துவிடும். கோரைப்புல் பக்கம் போனேன், புதுசாகக் கல்யாணமானவர்கள் மிதிபடகில் வந்து என்னையே புகைப்படம் எடுக்கச் சொன்னார்கள். மதகுப் பக்கம் போனேன், பெரிய படகுகள் திரும்புகிற இடமே அதுதான். தீவுக்குப் பின்னால் ஒளிந்தேன், மைக் பிடித்தவர் என்னைக் காட்டி, “வலப்பக்கம் பாருங்கள், நம்ம ஏரியின் ஒரே முதலை” என்றார். மொத்தப் படகும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். மூன்று வாரம் அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மூன்றாம் எண் மிதவையில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். எத்தனை பெரிய படகாக இருந்தாலும் சிவப்பு மிதவையைக் கண்டால் நூறு அடி ஒதுங்கிப் போகிறது. ஆனால் பாறை இருக்கிற இடத்தில் தூண்டில் போட்டால் முள் சிக்கிக்கொள்ளும். எனக்கு வேண்டியது பாறை இல்லாத ஒரு மிதவை. பத்தாவது மிதவை ஒன்று வாங்கித் தருமாறு முறைப்படி மனு எழுதினேன். ஒன்பது பாறைக்கு ஒன்பது போதும் என்று பதில் வந்தது. அன்று அவர்கள் மனம் வைத்திருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஒன்பதில் ஆழமான பாறை அதுதான். ஏரி நிறைந்திருக்கும்போது அதன் மேல் ஒன்பது அடி தண்ணீர் நிற்கும், பெரிய படகின் அடிப்பாகம் மூன்றரை அடிதான் இறங்கும். மழைக்காலத்தில் அந்த மிதவை வெறும் அலங்காரம். ஒரு திங்கட்கிழமை காலை அதைக் கிளப்பி மேற்கு மூலையில் இருக்கும் சின்னக் குடாவின் வாயில் இறக்கிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தேன். படகுகள் வந்தன, மிதவையைப் பார்த்தன, மரியாதையாகத் திரும்பிப் போயின. தக்கை அசையாமல் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது ஐயா. சும்மா சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் சாயங்காலமே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். சிமெண்ட் கட்டி நாற்பது கிலோ, எனக்கு வயது ஐம்பத்துமூன்று, முதுகு என்று ஒன்று இருக்கிறது. பிறகு அங்கேயே விட்டுவிட்டேன். படகோட்டிகள் அலுவலகம் மாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவர் என் தங்கை மாப்பிள்ளை ஒருவர்தான்.

அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எதுவும் இல்லை. படகு வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். படகுத்துறையில் அவருக்கு ஊதல் என்று பட்டப்பெயர். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஹாரனில். என்னை எங்கே பார்த்தாலும் மூன்று தடவை அடிப்பார், பாசத்தில்தான். ஒரே ஒருமுறை என்னோடு மீன் பிடிக்க வந்தார். குளியலறைக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் போடலாம் என்று நான்கு மணி நேரம் பேசினார். ஆனால் ஏரியில் அவர்தான் மூத்த ஓட்டுநர். மிதவை நகர்ந்த பிறகும் பழக்கத்தில் அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டுதான் போனார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவர் வழியிலேயே போனார்கள்.

கோடை வந்தது. தண்ணீர் இறங்கியது. அளவுகோலைப் பார்ப்பதும் என் வேலைதான் என்பதால் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பாறைக்கு மேல் இரண்டடிதான் மிச்சம். வரும் திங்கள் மிதவையைத் திரும்ப வைத்துவிடலாம் என்று நான்கு திங்களாக நினைத்தேன். ஆனால் கோடையில்தான் கெண்டை மீன்கள் குளிர்ச்சி தேடிக் குடாவின் ஆழத்துக்கு வரும். மழைக்காலமெல்லாம் காத்திருந்தது இதற்குத்தானே.

கடைசித் திங்கட்கிழமை காலையில் தங்கை வீட்டில் சாப்பிட்டேன். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“மச்சான், அஞ்சாம் நம்பர் மிதவை மேற்கால போயிடுச்சே. பழைய எடத்துல பாறை இருந்துச்சில்ல? தண்ணி வேற கீழ போயிடுச்சு. கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்.”

“மிதவை இருக்கிற எடத்துலதான் மாப்ள பாறை இருக்கும். புதுசா அளந்து பாத்து மாத்திருக்காங்க.”

“அப்ப இத்தன நாளா சும்மா சுத்திட்டா இருந்தேன்?”

“அந்தப் பாட்டுச் சத்தத்துல உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சு.”

தங்கை சிரித்தாள். அவரும் சிரித்தார். “நீங்க சொன்னா சரிதான் மச்சான். இனிமே நேராவே போயிடறேன், பத்து நிமிஷம் மிச்சம்” என்று சொல்லி, தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருக்க மாட்டார். விழுந்து விழுந்து சிரித்திருப்பார், மத்தியானத்துக்குள் துறை முழுக்கச் சொல்லியிருப்பார். அடுத்த வாரம் குடாவில் பத்துத் தூண்டில் தொங்கும். அவர் வாயில் எதுவும் நிற்காது. அந்த ஒரு குறையைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பதினோரு மணிக்குத் தூண்டில் இழுத்தது. பெரிய மீன் என்று கைக்குத் தெரிந்தது. அப்போதுதான் தூரத்தில், இரும்பு பீரோவைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பாட்டு நின்றது. பிறகு ஆட்கள் கத்துவது கேட்டது. பிறகு ஹாரன், விடாமல். வழக்கமான மூன்று தடவை இல்லை, ஒரே நீளமாக. திங்கட்கிழமை நான் தண்ணீரில் இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்பது எனக்கும் புரிந்தது.

குடாவிலிருந்து அந்தப் பாறைக்கு என் மோட்டார் படகில் ஐந்து நிமிடம். ஆனால் அத்தனை பெரிய மீனை அவசரப்படுத்தினால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். தூண்டில் பிடித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இழுக்க விட்டு, தளர்த்தி, மறுபடி இழுத்து, கரையேற்ற இருபத்தைந்து நிமிடம் ஆனது. நடுவில் எப்போதோ ஹாரன் நின்றுவிட்டது. அதன்பிறகு ஏரியில் இருந்த அமைதியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. மீன் பதினொரு கிலோ இருந்தது. தடவிக் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். உயிரைக் கொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

நேற்று தங்கை இங்கே வந்திருந்தாளே, பார்த்தீர்கள். “அண்ணா, அவர் ஹாரன் அடிச்சது உனக்குக் கேக்கலையா?” என்று அதையே கேட்டாள். கேட்டது என்றேன். எழுந்து வெளியே போய்விட்டாள். நீங்களாவது அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். படகில் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். துறையிலிருந்து படகுகள் வந்துசேர இருபது நிமிடம் ஆனது, வந்து நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டன. மீதிப் பேரால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. அத்தனை பெரிய விபத்தில் நான் ஒருவன் போய் என்ன கிழித்திருக்க முடியும்? என்னுடையது சின்னப் படகு ஐயா. என்னைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்ற முடியாது.