பொழுது சாய்வதற்குள் ஒரு சாவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு, தைப்பூசம் கழிந்த மறு திங்கட்கிழமை. மலாயாவில், குளுவாங்கிலிருந்து தெற்கே போகும் காலை ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கு எதிரே இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மடியில் சினிமாக் கேமரா. மற்றவன் கையில் பஞ்சால் செய்த தாடி. கேமரா வைத்திருந்தவன் சொன்னான்:

“இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உன்னைக் கொன்னாகணும், மாரி.”

“என்னை ஏன்டா?”

“கதையில நீதானே மகனா நடிக்கிற வேலுவோட அப்பன். அவன் முடியோட பாதிப் படம் எடுத்திருக்கோம், இப்ப அவன் தைப்பூசத்துக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிறான். அப்பன் செத்தாத்தானே மொட்டைக்கு ஒரு காரணம் இருக்கும்?”

“முடி வளரட்டும், பொறு லா.”

“கேமரா நம்ம தோட்டத்துத் துரையோடது. அவரு அதையும் எடுத்துக்கிட்டு நாளைக்குச் சீமைக்குக் கப்பலேறுறாரு. இன்னைக்கு முடிக்கலேன்னா படமே இல்ல.”

மாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“என் பொஞ்சாதிக்கு எட்டு மாசம். நான் பாடையில படுத்தேன்னு தெரிஞ்சா, மாமியா வீட்டுக்குள்ள சேர்க்காது.”

ஒரு ஸ்டேஷன் வந்து போயிற்று. கேமராக்காரன் மாரியின் கையிலிருந்த தாடியை வாங்கித் தன் பையில் போட்டான்.

“நீ படுக்கவே வேணாம். வேலு மொட்டைத் தலையோட கொள்ளிச் சட்டியத் தூக்கிட்டு நடந்து வரட்டும். பார்க்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க.”

“படத்தைப் பார்த்தா என் பொஞ்சாதிக்கு மட்டும் புரியாதா?”

“பிலிம் சிங்கப்பூருக்குப் போயிக் கழுவி வர்றதுக்குள்ள புள்ளை பொறந்திடும். அதுவரைக்கும் கதையில நீ உயிரோடதான் இருக்கேன்னு அவகிட்ட சொல்லி வை.”