கைத்தொழில் மேசையில் ஒரு படம்

கண்டி மழையில் நீர்வண்ணம் சீக்கிரத்தில் காயாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பொறுமை வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சித்திர மாஸ்டராக இருக்கிற இந்த வின்சன்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

மூக்கையாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கட்டுகஸ்தோட்டையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். தூரிகையின் நுனியை நாக்கில் வைத்துத்தான் கூராக்குவான். "அசிங்கம்" என்று நானே ஒருமுறை கண்டித்தேன். சிரித்தான்.

போன வருஷம், 1933இல், ஊரில் கண்காட்சி வைத்தோம். எது கலை, எது கைத்தொழில் என்று பிரிக்கும் பொறுப்பு எனக்கு. மூக்கையா மட்டையில் ஒரு படம் கொண்டுவந்தான். அவன் பெண்சாதி பாலாம்பிகை மகாவலி ஆற்றில் துணி அலசுகிறாள். முழங்கை கோணல், கிட்டம் எது, தூரம் எது என்று தெரியவில்லை. பாய்க்கும் ஊறுகாய்க்கும் நடுவே கைத்தொழில் மேசையில் வைத்தேன். நியாயமாகத்தான் செய்தேன்.

சனம் முழுக்க அந்த மேசையில் மொய்த்தது. என் பதினொரு படங்கள் தொங்கிய பக்கம் ஈ, காக்கை இல்லை. புடவைக்கடை மஹ்மூத் நானா எல்லார் முன்னாலும் கேட்டார்: "இது கலை இல்லாட்டி, நீங்க கீறி மாட்டியிருக்கிறது என்ன மாஸ்டர்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை. லண்டன் பரீட்சை பாஸ் பண்ணியவன் நான். புடவை விற்கிறவன் கலைக்குத் தீர்ப்புச் சொல்வதென்றால் படித்தவன் எதற்கு? யாராவது அதை நிறுத்த வேண்டியிருந்தது.

மூக்கையாவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பச்சை வண்ணத்தூள் ஒரு டப்பா கொடுத்தேன். பழைய சீமைச் சரக்கு, பாஷாணம் கலந்தது. டப்பாவிலேயே இங்கிலீஷில் அச்சிட்டிருக்கிறது. அவன் இங்கிலீஷ் பலகைகளை எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதுவானே தவிர, வாசிக்கத் தெரியாது. தேயிலை மலை ஒன்று வரைந்து வா, அடுத்த கண்காட்சியில் கலைப் பிரிவில் வைக்கிறேன் என்றேன். தேயிலை மலைக்குப் பச்சை நிறைய வேண்டும்.

"இப்படி ஒரு பச்சைய நான் கண்டதே இல்லீங்க மாஸ்டர்," என்று டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மூன்று வாரம் வரைந்தான். வாந்தி என்று படுத்தபோது தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா மாஸ்டர்?" என்று பாலாம்பிகை கேட்டாள். படம் முடியட்டும், நல்ல சந்தர்ப்பம் கைநழுவிவிடும் என்றேன். அவன் எழுந்து உட்கார்ந்து, தூரிகையை நாக்கில் வைத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்த எட்டாம் நாள் செத்தான்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். கலைக்கு ஒரு தரம் இருக்கிறது, அதைக் காப்பாற்றினேன்.

ஆற்றங்கரைப் படத்தைப் பாலாம்பிகைதான் என்னிடம் கொடுத்தாள், பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி. அதைக் கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்பினேன். கலைப் பிரிவில் முதல் பரிசு. படத்தின் கீழே இருப்பது என் கையெழுத்து. கலை எது என்று அங்கே உள்ளவர்களுக்காவது தெரிந்திருக்கிறது.