எக்ஸ் அச்சின் காலிங் பெல்

கடல் காற்று உடம்புக்கு நல்லது. இயந்திரத்துக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. நம் பாலிடெக்னிக் பட்டறையின் கிழக்கு ஜன்னலைத் திறந்தால், வருகிற காற்று நேராக சிஎன்சி இயந்திரத்தின் முதுகில்தான் மோதும். ஆகவே, அர்ஷியா மேடம், குற்றவாளிகள் பட்டியலில் முதலில் காற்று என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டாவதாக அஸ்கர், மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. அது நான்.

விசாரணைக் கோப்பை நீங்கள் திங்கள்கிழமையே மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யாரும் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். மனசாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கணிதத் துறை என்பதால் இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிஎன்சி என்பது கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைச் சீவுகிற இயந்திரம். காலையில் கரண்ட் கொடுத்ததும், தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு அச்சையும் ஓர் ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும். அங்கே சுண்டுவிரல் பருமனில் ஒரு சென்சார் இருக்கும். ‘வந்தாச்சு, நில்’ என்று அது செய்தி அனுப்பினால், இதுதான் பூஜ்யம் என்று இயந்திரத்தின் மூளையான கன்ட்ரோலர் குறித்துக்கொள்ளும். இதற்கு ஹோமிங் என்று பெயர். இது முடியாமல் வேறு வேலை நடக்காது. நம் இயந்திரத்தில் எக்ஸ் அச்சுக்கு மட்டும் அந்தச் செய்தி வராது. அது பாட்டுக்குப் போய்க் கடைசி முட்டில் இடித்து நிற்கும். திரையில் சிவப்பு எழுத்து வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினீயர் வந்தாராம். சென்சார் போய்விட்டது, புதிது அனுப்புகிறேன் என்றாராம். அதுவரைக்கும் சமாளிக்க, வீட்டு வாசலில் இருக்குமே காலிங் பெல் சுவிட்ச், அதில் ஒன்றைக் கன்ட்ரோலரில் இணைத்து, வயரைப் பின்பக்கம் இழுத்துவிட்டு, பெட்டிக்கு சீல் ஒட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார். சென்சார் வரவில்லை. தற்காலிக ஏற்பாடுகளுக்கு நம் ஊரில் ஆயுசு கெட்டி.

அந்த சுவிட்சை அமுக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா. லேப் இன்ஸ்ட்ரக்டர் உத்திராபதி அண்ணன்தான் அந்த ஆள். சுரக்குடியிலிருந்து வருகிறவர். ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிச் சந்து. அதற்கு ஒரு பிளைவுட் கதவு. கதவில் மண்டையோடு, கீழே ‘அபாயம்’. உள்ளே கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அச்சு ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டு, பதமான நேரத்தில் அமுக்குவார். வெளியே நிற்பவர்களுக்கு இயந்திரம் தானாக நின்றதுபோல் இருக்கும். பாடப்புத்தகத்தில் சென்சார் வகைகள் ஐந்து. நாங்கள் ஆறு படித்தோம்.

துறைத் தலைவர் பிலோமின்ராஜ் சாருக்கு இது தெரியும். தெரியாது என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதில் நான் தலையிடவில்லை.

இந்த நிலையில்தான் அங்கீகாரக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது என்று சேதி வந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“லேப் பாஸாயிட்டா ஃபைல்ல கையெழுத்துப் போட்டுர்றேன்னு பிரின்சிபால் சொல்லிட்டாருடா தம்பி. வெள்ளிக்கிழம தாண்டிட்டா நான் பர்மனென்ட்டு. எம் பொண்டாட்டி தேவிகா இப்பவே அவ அண்ணன் வீடு வரைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டா. ஒண்ணே ஒண்ணு, பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி ஹோமிங்க முடிச்சிரணும்.”

“பெட்டியத் தொறந்து பாத்துரலாமேண்ணே?”

“சீல் ஒட்டிருக்குடா. ஒடச்சா வாரண்டி போயிடும்.”

வாரண்டி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நானும் என் வகுப்பு ஜெர்லினும் பட்டறைக்குப் போனோம். ஸ்க்ரூ டிரைவர் முனையை சென்சார் முன்னால் நீட்டினால் அதன் சின்ன விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் எக்ஸ் ஹோம் என்ற இடத்தில், செய்தி வந்தால் ஒன்றாக மாற வேண்டிய பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. அப்படியென்றால் சென்சார் நன்றாக இருக்கிறது, செய்திதான் போய்ச் சேரவில்லை. சீலைக் கிழித்தேன். கனெக்டர் ஊசிகளில் பச்சையாகக் களிம்பு. உப்புக் காற்றின் கைவேலை. பிளேடால் சுரண்டித் துடைத்து மாட்டினேன். பூஜ்யம் ஒன்றாயிற்று. ஐந்து தடவை ஹோமிங் செய்தோம். மயிரிழை வித்தியாசத்தையும் காட்டுகிற டயல் கேஜின் முள் ஐந்து தடவையும் ஒரே கோட்டில் வந்து நின்றது. மூன்று வருடக் கோளாறுக்கு இருபத்தைந்து நிமிடம். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கலப்படமில்லாதது.

“டேய், ஓடிப்போய் அண்ணன்கிட்ட சொல்லுவோம்டா. மனுசன் அழுதே புடுவாரு,” என்றாள் ஜெர்லின்.

“நான் சொல்லிக்கிறேன். நீ சாப்புடப் போ.”

அண்ணனின் மேசை இழுப்பறையில், புது சென்சார் கேட்டு அவர் எழுதிய கடித நகல்கள் பதினொன்று இருந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

அதன் பிறகு சுவிட்ச் வயர் மிச்சமிருந்தது. கன்ட்ரோலரிலிருந்து அதைக் கழற்றினேன். இனி அங்கே அதற்கு வேலையில்லை. ஆனால் சும்மா தொங்குகிற வயர் பாதுகாப்பு விதிகளுக்கு விரோதமானது. ஒரு பெல் சுவிட்ச் நியாயமாகப் போய்ச்சேர வேண்டிய இடம் ஒரு பெல். பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைக்காரர் பேட்டரியில் ஓடுவது நான்கு காட்டினார். ஒன்று குருவிபோலக் கத்தியது, ஒன்று கோயில் மணி, ஒன்று குழந்தைச் சிரிப்பு. நான்காவது பெண் குரலில் மரியாதையாக, “தயவுசெய்து கதவைத் திறக்கவும்” என்றது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. இயந்திரத்துக்கு அடியில் அதை வைத்து, வயரை மாட்டி, தூசியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. பிலோமின்ராஜ் சார் பொத்தானை அழுத்தினார். எக்ஸ் அச்சு ஓடிப்போய், பூப்போல நின்றது. அதே நொடியில் அடியிலிருந்து, “தயவுசெய்து கதவைத் திறக்கவும்.”

“என்ன சார், மெஷின் பேசுது?” என்றார் குழுத் தலைவர்.

“புது வசதி சார்,” என்று பிலோமின்ராஜ் சார் இயந்திரத்தின் முன்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

“நல்லாருக்கே. இன்னொரு தடவ ஓட்டுங்க.”

இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் ரசிக்க வேண்டும். சென்சார் சரியாகிவிட்டது என்று அண்ணனுக்குத் தெரியாது. அமுக்கினால் அந்தப் பெண் பேசுவாள். அமுக்காவிட்டால் இயந்திரம் இடிக்கும். யோசிக்க அவருக்கு நான்கு விநாடி இருந்தது. அமுக்கினார்.

“தயவுசெய்து கதவைத் திறக்கவும்.”

குழுத் தலைவர் சொன்னால் கேட்கிற மனிதர். பிளைவுட் கதவைத் திறந்தார். உள்ளே பெயின்ட் வாளியில், கட்டைவிரல் சுவிட்சில் இருக்க, மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் ஒருவர்.

“நீங்க யாருங்க?”

அண்ணன் எழுந்து நின்றார். “எக்ஸ் ஆக்சிஸ் சார்.”

அன்று சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். முதலில் சிரித்தவர் பிலோமின்ராஜ் சார். வாசலில் நின்ற ஜெர்லின் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

இயந்திரம் தேறிவிட்டது. தானாகவே ஹோமிங் செய்கிறது, ஆள் தேவையில்லை என்று குழு எழுதியது. குழுவை ஏமாற்றிய ஆள் தேவையில்லை என்று அடுத்த வாரம் கல்லூரி எழுதியது. கையெழுத்துக்குக் காத்திருந்த ஃபைலிலேயே அதையும் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

விட்டுப்போன ஒன்று. குழு வருவதற்கு முன்னால் அண்ணன் என்னை டீ குடிக்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்து சந்துக்குள் நுழையும்போது, “தம்பி, சுவிட்சு வேல செய்யுதான்னு ஒரு தடவ பாத்தியா?” என்று கேட்டார். “பாத்துட்டேண்ணே, எல்லாம் பழையபடிதான். நீங்க உள்ள போங்க,” என்றேன். வாளியின் மேல் அவர் உடுப்பு அழுக்காகாமலிருக்க ஒரு பேப்பர் விரித்தேன். கதவைச் சாத்தியதும் நான்தான். சொல்ல நேரமில்லாமல் இல்லை. சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

இனி எழுதவந்த விஷயம். பெல்லை மாட்டியது யார் என்று நீங்கள் விசாரித்தபோது, “நான்தாங்க மேடம், ஒரு தமாசுக்கு,” என்று அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். “உன் டிப்ளமோ போயிடக் கூடாதுன்னுதான்டா எழுதிக் குடுத்தாரு. அவருக்கு எல்லாந் தெரியும்,” என்கிறாள் ஜெர்லின். இருக்கலாம். நல்ல மனிதர்தான். ஆனால் மேடம், நான்கு குரல்களில் அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தது நான். அன்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் சிரிக்கத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் பெயரில் அது இருப்பது முறையாகாது. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். பெல் என்னுடையது.