நகப்பசை எடுக்கிற விதம்

இல்லக்கா, அந்த நாற்காலியிலயே உக்காருங்க. இந்தப் பக்கம் ஜன்னல் வெயில் மூஞ்சியில அடிக்கும், எனக்குப் பழக்கம். சரி, ஒரு விடுகதை போடறேன். நகத்துல இருந்தா அழகு, துணியில விழுந்தா அழுக்கு. ஒரு சொட்டுதான், ஆனா பிடிச்சா விடாது. அது என்ன?

யோசிங்க. டீ ஆறுது, குடிச்சுக்கிட்டே யோசிங்க.

தெரியலையா? நகப்பசை! பார்லர்ல பொய் நகம் ஒட்டறமே, அந்தப் பசை. விடுகதை என்னோடது இல்ல, உங்க பொண்ணு கட்டினது. எங்க வாலு. ஐயோ, கோவிச்சுக்காதீங்க, வீட்டுல அப்படித்தான் கூப்பிடறது.

தெரியும்க்கா, அவ முடிவைக் கேக்கத்தான் வந்திருக்கீங்க. அம்மாகூட வர்றாளா, அப்பாகூடவே இருக்காளான்னு. அவளே சொல்லட்டும்னு நீங்களும் அவரும் பேசி வெச்சது. நடுவுல நான் யாரு? சொல்லுவா. உள்ள துணி மடிச்சுக்கிட்டிருக்கா.

அவரா? மொட்டை மாடியில தண்ணித் தொட்டி கழுவறார். நேத்து சாயங்காலமும் கழுவினார். நாம சோறு திங்கற தட்டைவிட அது சுத்தமா இருக்கு இப்ப.

அவ டீ கொண்டாந்து வெச்சப்ப முழங்கால் தழும்பையே பாத்தீங்க இல்ல? நான் கவனிச்சேன். சித்தி சூடு வெச்சுட்டான்னு தோணியிருக்கும். பரவால்லக்கா, ஸ்கூல்ல டீச்சருக்கே தோணுச்சு, கூப்பிட்டு விசாரிச்சாங்க. சூடுதான். ஆனா வெச்சது பசை. பருத்தித் துணியில நிறைய கொட்டினா அது தானா கொதிக்கும், புகைகூட வரும். நெருப்பே வேணாம். நான் நகம் ஒட்ட உக்காந்தா இவளும் பக்கத்துல உக்காந்துக்குவா, மிச்ச நகத்தையெல்லாம் தன் விரல்ல ஒட்டிக்கிட்டு ராணி மாதிரி. அன்னைக்கு ட்யூப்பை அமுக்கினா பாருங்க, மொத்தமும் முழங்கால்மேல, பருத்திப் பாவாடையில. நான் பதறிப்போய்ப் பஞ்சை எடுத்து அமுக்கினேன். பஞ்சும் பருத்திதானே! இன்னும் கொதிச்சுது. பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறவ நான். தெரியாம இல்ல, அவ கத்தின கத்துல மறந்துபோச்சு.

அதனால, கொட்டினா பஞ்சைத் தொடாதீங்க. துணியைத் தோல்ல படாம தூக்கிப் பிடிச்சு, பச்சைத் தண்ணி ஊத்துங்க. ஒட்டிக்கிச்சுன்னா இழுக்கவே கூடாது.

கறைக்கு அவசரமே இல்ல. நல்லா காயட்டும். ஈரத்துல தேச்சா நூலுக்குள்ள போய்க் குடியேறிடும். காஞ்சதும் ஸ்பூன் முனையால மெதுவா சுரண்டுங்க, கத்தி வேணாம். அப்புறம் அசிட்டோன், நகப்பாலிஷ் அழிக்கற ரிமூவர்ல இருக்குமே, அது. சில ரிமூவர் பாட்டில்ல அசிட்டோன் இல்லாததுன்னு பெருமையா போட்டிருப்பான், அதை வாங்காதீங்க. அது நகத்துக்கு நல்லது. கறைக்கு அதைவிட நல்லது, நகராம சொகுசா இருக்கும்.

அடுப்பை அணைச்சிடணும், ஜன்னலைத் திறந்து வெக்கணும். முதல்ல உள்மடிப்புல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. துணி தாங்குச்சுன்னா, கறைக்கு அடியில வெள்ளைத் துணி வெச்சு, பின்பக்கத்துலேர்ந்து அசிட்டோன்ல நனைச்ச துணியால ஒத்தி ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க. பசை இளகி அடித்துணிக்கு வந்துடும். அப்புறம் சோப்புத் தண்ணி. கறை முழுசா போற வரைக்கும் இஸ்திரி போட்டுடாதீங்க.

உள்மடிப்புல பாக்கலைன்னா என்ன ஆகும்? உங்க நீலக் கவுன் ஆகும்.

ஆமாக்கா, அவ பொறந்த நாளுக்கு அனுப்புனீங்களே, பளபளன்னு, அதேதான். ஒரு போட்டோவுலயும் காணோமேன்னு போன்ல கேட்டீங்க. சின்னதாயிடுச்சுன்னு சொன்னேன். பொய். அதுல பசை பட்டுது, நான் அசிட்டோன் வெச்சேன். கறை போச்சு, கறை இருந்த இடமும் போச்சு. அந்த மாதிரித் துணி அசிட்டோன்ல கரைஞ்சிடும். நீங்க குடுத்ததுங்கறதால நான் ஒளிச்சு வெச்சேன்னு நினைச்சிருப்பீங்க. வேணும்னே ஓட்டை போட்டேன்னு நினைக்கறதுக்கு அது தேவலைன்னு விட்டுட்டேன். இப்ப ஓட்டைமேல ஒரு துணிப்பூ தெச்சிருக்கேன். கோணலாத்தான் இருக்கும். நகம் ஒட்டற கை, தைக்கற கை இல்ல.

டீ போதுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

தெரியுதுக்கா, கறையைப் பத்தி இவ எதுக்கு இவ்வளவு பேசறான்னு பாக்கறீங்க. நேத்து மத்தியானம் தலை பின்னி விட்டப்ப சொன்னா. அப்பா மூஞ்சியைப் பாத்து என்னால சொல்ல முடியாது, நீயே சொல்லிடு சித்தின்னா. அவர்கிட்ட சொன்னேன். தொட்டி சுத்தமாயிடுச்சு.

அப்புறம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. நகப் பெட்டியை எடுத்துக்கட்டுமான்னு. எடுத்துக்கோன்னேன். அதுல பசை ரெண்டு ட்யூப் இருக்கு. ஒரு வாரத்துக்குள்ள எதுலயாவது கொட்டுவா, நீங்க பதறிப்போய்ப் பஞ்சைத் தேடுவீங்க. அதான் சொல்லி வெச்சேன்.

இப்ப திரும்பி ஜன்னல் வழியா பாருங்க. பின்வாசல் வழியா போனா. உங்க வண்டியில, பின்சீட்டுல உக்காந்திருக்கா.