ரேடியோவைக் கொன்றவர்

காலை பத்தடிக்க ஐந்து நிமிடம். மோகனூர் சாலை பேக்கரியில் டீக்கு நின்றபோது, சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு லேப்டாப்தான் முதலில் கண்ணில் பட்டது. அதன் முன்னால் ஒரு பெண். பக்கத்தில் அவள் கணவர், கையில் முட்டை பப்ஸ்.

“ஏனுங்க, ரேடியோவைக் கொன்னது நீங்கதானுங்க” என்றாள்.

“நம்மூட்டுல ரேடியோ ஏது கண்ணு?”

“வைஃபையும் ரேடியோதானுங்க. ஊட்டுல கரண்ட் இல்லைன்னு இங்க வந்தா, போன்ல இருக்கிற நெட்டு லேப்டாப்புக்கு ஏறமாட்டேங்குது. பத்து மணிக்கு இன்டர்வியூங்க.”

“உன்ற லேப்டாப்பு லினக்ஸ்ல எல்லாத்துக்கும் கமாண்டு இருக்குதும்பியே. தட்டி உடு.”

“தட்டிட்டேனுங்க. சாஃப்ட் பிளாக் இல்லையாம், ஹார்டு பிளாக்காம்; சாஃப்ட்வேர் அடைக்கலை, ஸ்விட்சுதான் அடைச்சிருக்குதாம். லேப்டாப்போட ஓரத்துல இருக்கிற வைஃபை ஸ்விட்சு ஆஃப்ல கெடந்தா எந்தக் கமாண்டும் செல்லாதுங்க.”

“அதை நான் எதுக்குத் தொடறேன்?”

“முந்தாநாள் ஆயுத பூசையில, லாரிக்கு வெச்சது போக மீதிச் சந்தனத்தை எங்க அப்புனீங்க?”

அவர் பப்ஸைக் கீழே வைத்தார். “சாமி காரியத்தைக் குத்தம் சொல்லாத.”

“சாமி லாரியைப் பாத்துக்கட்டுங்க. லேப்டாப்பை எனக்கு உட்டுரச் சொல்லுங்க.”

ஸ்விட்சைச் சுற்றிக் காய்ந்திருந்த சந்தனத்தை ஹேர்பின்னால் சுரண்டினாள். ஸ்விட்ச் நகர்ந்தது, வைஃபை வந்தது. பத்து மணிக்கு இன்டர்வியூவும் தொடங்கியது.

எதிர்முனையில் இருந்தவரின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. தன் ஆபீசில் நெட் சரியில்லை, நாளைக்குப் பேசலாம் என்றார்.